ஜெனீவாவின் தீர்மானமும் முதலமடை மாந்தோப்பும்



உலக நாடுகள் கூடிச் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசும் மாநாடுகள் ஜெனீவா, நைரோபி, மாண்ட்ரியல் முதலிய தொலைநகரங்களில் நடைபெறுகின்றன. அங்கே முடிவாகும் வாசகங்கள், பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்து மாந்தோப்புகளிலும் இடுக்கியின் தேயிலை, ஏலத் தோட்டங்களிலும் உழைக்கும் தமிழ் மக்களின் வாழ்வை நேராகத் தொடுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே செய்தியைக் கொண்டு சேர்ப்பவர் யார்? அப்பணிக்கென அண்மைக் காலத்தில் ஓர் ஏற்பாடு தோன்றியுள்ளது. செய்தியாளர் ஒருவர் கடல் கடந்து செல்லாமலே, தம் ஊரில் இருந்தபடி இம்மாநாடுகளைக் கவனித்து எழுத உதவும் பெல்லோஷிப் திட்டமே அது. அதன் இயல்பையும் பயனையும் குறையையும் இங்கே ஆராய்வோம்.

முதலில் ஓர் உண்மை நிகழ்ச்சியைக் காண்போம். காசர்கோடு மாவட்டத்து முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பான் என்னும் பூச்சிமருந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஹெலிகாப்டரிலிருந்து தெளிக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டோடு அது நின்றது. அதனால் விளைந்த துயரை நாடு அறியும். ஆனால் இம்மருந்தின் கதை காசர்கோட்டோடு முடியவில்லை. கேரளத்தில் தடை வந்த பின்னரும், பொள்ளாச்சிக்கு அடுத்த முதலமடையின் மாந்தோப்புகளுக்கு அம்மருந்து எல்லை கடந்து வருகிறது என்ற புகார் செய்தித்தாள்களில் பன்முறை எழுந்தது. முதலமடை மாம்பழம் பருவத்துக்கு முன்னரே பழுத்து வட இந்தியச் சந்தைகளை அடைவது. டில்லியில் வாழும் நம்மவர் பலர் அதன் பெயரை அறியாமலே அதைச் சுவைத்திருக்கக்கூடும்.

எளிதில் சிதையாமல் நிலைத்து நின்று, காற்றிலும் நீரிலும் நெடுந்தூரம் சென்று, உயிர்களின் உடலில் சேரும் நச்சுப் பொருள்களை ஒழிப்பதற்கென 2001-இல் செய்யப்பட்டது ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை. அதில் எண்டோசல்பானைச் சேர்ப்பதா என்ற வினா, 2011 ஏப்ரல் இறுதியில் ஜெனீவாவில் கூடிய மாநாட்டின் முன் வந்தது. இந்தியா தொடக்கத்தில் அதை எதிர்த்து வந்தது. மாநாடு தொடங்கிய ஏப்ரல் 25 அன்று கேரள முதலமைச்சர் வி. எஸ். அச்சுதானந்தன், உலகளாவிய தடையை வேண்டித் திருவனந்தபுரத்தில் உண்ணாநோன்பு இருந்தார். ஏப்ரல் 29 அன்று, ஒழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் எண்டோசல்பான் சேர்க்கப்பட்டது.

‘எண்டோசல்பானுக்கு உலகத் தடை’ என்றே பெரும்பாலோர் அச்செய்தியை நினைவில் வைத்தனர். தீர்மானத்தின் உட்பகுதியைப் படித்தவர்க்கே வேறொன்று தெரிந்திருக்கும். குறிப்பிட்ட சில பயிர்களுக்குக் குறிப்பிட்ட காலம் வரை அம்மருந்தைப் பயன்படுத்த விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. அப்பயிர்ப் பட்டியலில் மாமரம் இருந்தது, தேயிலையும் இருந்தது. முதலமடையை அறிந்த செய்தியாளர் முதற்சொல்லின் முன் நின்றிருப்பார். மூணாற்றையும் பீர்மேட்டையும் அறிந்தவர் இரண்டாம் சொல்லின் முன் நின்றிருப்பார். மற்றவர்க்கு இரண்டும் ஒரு நீண்ட பட்டியலில் வெறும் பயிர்ப் பெயர்களே.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஜெனீவாவில் பட்டியலில் ஏறியதாலேயே ஒரு பொருள் நம் நாட்டில் தடையாகிவிடாது. ஒவ்வொரு சேர்க்கையையும் இந்தியா தனியே ஏற்றாலன்றி அது நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆகவேதான், எண்டோசல்பானின் உற்பத்தி, விற்பனை, பயன்பாடு ஆகியவற்றை நாடு முழுவதும் நிறுத்தியது, 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்காலத் தடையேயாகும். இவ்வேறுபாட்டை விளக்கிச் சொல்லாத செய்தி பாதிச் செய்தியே.

இனி, பெல்லோஷிப் என்பதன் தன்மையைக் காண்போம். வளரும் நாடுகளின் செய்தியாளர்களைச் சுற்றுச்சூழல் மாநாடுகளுக்கு அழைத்துச் செல்லும் உதவித் திட்டங்கள் முன்பே உண்டு. இன்டர்நியூஸ் என்னும் நிறுவனம் 2004-இல் தொடங்கிய ‘எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க்’ இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. 2020-இல் கொரோனாத் தொற்றால் பயணங்கள் நின்றன. அவ்வாண்டு கிளாஸ்கோவில் கூடவிருந்த பருவநிலை மாநாடு ஓராண்டு தள்ளிப்போயிற்று. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கூட்டமே 2021 ஜூலையில் இணையவழியில் ஒரு பகுதியும், 2022 ஜூனில் ஜெனீவாவில் நேராக மறுபகுதியுமாக நடந்தது. மாநாடே வீட்டுத் திரைக்கு வந்துவிட்ட பின், செய்தியாளரும் வீட்டிலிருந்தே அதில் கலந்துகொள்ளும் வழி வழக்கத்துக்கு வந்தது.

இத்தகைய திட்டத்தில் செய்தியாளருக்குப் பொதுவாகக் கிடைப்பவை நான்கு. மாநாட்டுக்கு முன் பொருளை விளக்கும் வகுப்புகள். அனுபவமுள்ள ஓர் ஆசிரியரின் வழிகாட்டல். பேச்சாளர்களோடும் அறிஞர்களோடும் உரையாடும் வாய்ப்பு. எழுதும் காலத்துக்கான ஊதியம். நான்காவது சிறிதன்று. சிற்றூர்ச் செய்தியாளர் பலர் செய்திக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர். ஒரே பொருளில் இரண்டு வாரம் மனத்தைச் செலுத்த அவருக்கு வேறு வழியில்லை.

வகுப்புகள் ஏன் தேவை என்று கேட்கலாம். இம்மாநாடுகளுக்கென ஒரு தனி மொழி உண்டு. உடன்பாடு ஏற்படாத சொற்களை வரைவில் பகர அடைப்புக்குள் இடுவார்கள். அடைப்பு நீங்கினால் இணக்கம் ஏற்பட்டது என்று பொருள். ‘செய்ய வேண்டும்’ என்பதற்கும் ‘செய்வது நலம்’ என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டுக்காக ஓர் இரவு முழுவதும் வாதம் நடக்கும். ஐக்கிய நாடுகள் அவையின் ஆவணங்கள் ஆறு மொழிகளில் வெளிவருகின்றன. அவற்றுள் தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. ஆகவே எல்லைப்புறச் செய்தியாளர், செய்தி எழுதுபவர் மட்டுமல்லர், மொழிபெயர்ப்பாளரும் ஆகிறார்.

குறைகளையும் மறைக்கலாகாது. பொதுக் கூட்டத்தைத் திரையில் காணலாம். பேரம் நடக்கும் சிறு குழுக்களின் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். நேரில் சென்றவர் கதவருகே காத்திருந்து, வெளிவரும் பிரதிநிதியின் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பெறுவார். தொலைவில் இருப்பவருக்கு அது வாய்ப்பதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் ஜெனீவாவில் இரவு மணி பத்து எனில், கொழிஞ்சாம்பாறையில் பின்னிரவு ஒன்றரை. மழைக்காலத்து மூணாற்றில் மின்சாரமோ இணையமோ தடைப்பட்டால் அன்றைய அமர்வு கைநழுவும். உதவிப்பணம் எங்கிருந்து வருகிறது என்பதை வாசகருக்கு வெளிப்படையாகச் சொல்லும் நேர்மையும் வேண்டும்.

எனினும் தொலைவிலிருப்பவருக்கு ஒரு நன்மை உண்டு. காலையில் தோட்டத்துக்குச் சென்று தொழிலாளரைக் கண்டு, பிற்பகலில் மாநாட்டைக் கேட்டு, இரண்டையும் ஒரே செய்தியில் சேர்க்க அவரால் இயலும். ஜெனீவாவுக்குச் சென்றவரால் அது இயலாது.

அத்தகைய செய்திக்கு இன்றும் தேவை உண்டு. 2025-ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை மாநாட்டில் குளோர்பைரிபாஸ் என்னும் பூச்சிமருந்து, சில விலக்குகளோடு, ஒழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஏலச்செடியின் வேர்ப்புழுவை அழிக்க இடப்பட்டு வந்த மருந்து இது. தேனி மாவட்டத்துப் போடி, கம்பம் பகுதிகளிலிருந்து நாள்தோறும் ஜீப்பில் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக மலையேறி, உடும்பஞ்சோலையின் ஏலத் தோட்டங்களில் வேலை செய்து மாலையில் இறங்கும் பெண்கள் ஏராளம். பட்டியலில் ஏறிய மருந்து எது, விலக்குப் பெற்ற பயிர்கள் எவை, இந்தியா அதை ஏற்றதா, மருந்து தெளித்த வயலில் எத்தனை நாள் இறங்கலாகாது என்பனவற்றை அவர்கள் தாய்மொழியில் எடுத்துரைக்க ஒருவர் வேண்டும். இல்லையேல் ஒருபுறம் வதந்தியும் மறுபுறம் மருந்துக் கடைக்காரரின் சொல்லுமே அவர்களுக்கு எஞ்சும்.

பிற மாநிலங்களில் வாழும் நாம் இதில் செய்யக்கூடியது யாது? நம்முள் ஆங்கிலமும் சட்டமும் வேதியியலும் கற்றோர் பலர் உளர். எல்லைப்புறத்து இளஞ்செய்தியாளர் ஒருவர் விண்ணப்பம் எழுதவோ, ஒரு தீர்மானத்தின் பொருளைத் தெளிந்துகொள்ளவோ உதவி நாடினால், அதைத் தருவது நமக்கு அரிதன்று. நாம் வாங்கும் தமிழ் இதழ்களுக்குக் கடிதம் எழுதி, இவ்வகைச் செய்திகளுக்கு இடம் கேட்பதும் நம்மால் இயன்றதே. அடுத்த முறை ஜெனீவாவில் ஒரு பயிர்ப் பட்டியல் படிக்கப்படும்போது, சித்தூரிலோ குமுளியிலோ ஒருவர் விழித்திருந்து கேட்டு, மறுநாட் காலையில் அதைத் தமிழில் தருவாராயின், அவ்வுதவி பயன் தந்ததாகக் கொள்ளலாம்.