நடந்ததைச் சொல்லும் மறுமொழி
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

விடை சொல்வது எளிது. நடந்ததை நடந்தபடி சொல்வதே அரிது. இது மனிதருக்கு மட்டுமன்று, கணிப்பொறிக்கும் பொருந்தும்.

வலையில் ஒரு கணிப்பொறி மற்றொன்றிடம் வேண்டுகோள் விடுத்தால், வரும் மறுமொழியில் மூன்று உறுப்புகள் இருக்கும்: நிலை எண், தலைப்புகள், உடற்பகுதி. 200 என்றால் வேண்டியது முடிந்தது. 201 என்றால் புதிதாக ஒன்று உண்டாயிற்று. 403 என்றால் மறுக்கப்பட்டது. 1996-இல் வெளியான எச்.டி.டி.பி. 1.0 விதிகளிலேயே இவ்வெண்கள் உள்ளன.

டேமியன் காட்ஸ் என்பவர் 2005-இல் தொடங்கிய கௌச்-டி.பி. என்னும் தரவுத்தளம், செய்திகளைத் தனித்தனி ஆவணங்களாகச் சேமிப்பது. ஆவணத்தைத் திருத்தும் சிறு நிரலை அதன் சர்வரிலேயே எழுதி வைக்கலாம். அந்நிரல் இரண்டைத் திருப்பித் தரும். ஒன்று, சேமிக்க வேண்டிய ஆவணம். மற்றொன்று, கேட்டவருக்குரிய மறுமொழி. சேமிக்க ஏதுமில்லையெனில் ஆவணத்தின் இடத்தில் 'நல்' என்னும் வெறுமை நிற்கும்.

நம் கூத்தாநல்லூர்ப் பகுதிக்கு ஏற்ற ஓர் எடுத்துக்காட்டு கூறுவேன். நெல் கொள்முதலில் ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு என்பது பொது விதி. இதற்கொரு பதிவேடு அமைப்பதாகக் கொள்வோம். ஈரம் 16 எனில் ஆவணம் பதிவாகும், 201 வரும். ஈரம் 19 எனில் நிரல் 'நல்' தந்து, "நெல்லை உலர்த்துக" என்று எழுதி அனுப்பும். இங்கேதான் சிக்கல்! எதுவும் பதிவாகாதபோதும், நாம் வேறு ஏற்பாடு செய்யாவிடில், எண் 200 என்றே செல்லும். எண்ணை மட்டும் பார்க்கும் கருவி, பதிவாயிற்று என்று நம்பிவிடும். விவசாயியோ வராத பணத்துக்குக் காத்திருப்பார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஒரு கொள்முதல் நிலையத்தில் காரணமே கூறாமல் "நாளைக்கு வா" என்று சொல்லிவிட, மழைத் தூறலில் நெற்குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடிக் கண்விழித்தவர் என் தந்தை. ஆகவே, காரணமற்ற மறுமொழி எனக்குச் சிறிய பிழையாகத் தோன்றவில்லை.

இதற்கு வழியும் உண்டு. ஆவணத்தைச் சேமிக்குமுன் சோதிக்கும் நிரல் ஒன்றை அமைத்து, வரம்பு மீறினால் 'ஃபர்பிடன்' என்று மறுக்கச் செய்தால், 403 என்னும் எண்ணும் நாம் எழுதிய காரணமும் சேர்ந்தே செல்லும். ஒரே ஆவணத்தை இருவர் ஒருசேரத் திருத்த முயன்றால், பிந்தியவருக்கு 409, அதாவது முரண்பாடு, வரும். அதையும் மறைக்காமல் காட்டி, மீண்டும் முயலச் சொல்ல வேண்டும்.

2020-இல் வந்த 3.0 பதிப்பு முதல் இத்திருத்து நிரல்கள் கைவிடப்படவிருப்பவை என அறிவிக்கப்பட்டுள்ளன. ஆதலின் புதிதாக எழுதுவோர் இவ்வேலையைத் தம் சொந்த நிரலிலேயே செய்வது நன்று. கருவி மாறினும் நெறி மாறாது. எண் ஒன்றும் சொல் வேறொன்றுமாக மறுமொழி அமையலாகாது. நாளை நிரல் எழுதப்போகும் நண்பர்கள் இதனை நெஞ்சில் கொள்வார்களாக!