கடலுக்குள் உயிர் காக்கும் ரப்பர் வளையம்!

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்த காலத்தில் ஒரு வழக்கம் உண்டு என்பார்கள். கயிற்றைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் குதிப்பவன், மறுமுனையை மச்சான் கையில்தான் கொடுப்பானாம். தன் உடன்பிறந்தவள் தாலியை இழக்க மச்சான் விடமாட்டான் என்ற நம்பிக்கை!

இன்று முதுகில் காற்று உருளையைச் சுமந்துகொண்டு 'ஸ்கூபா' முறையில் மூழ்குகிறவர்களுக்குக் கயிறும் இல்லை, மச்சானும் இல்லை. அந்த இடத்தில் இருப்பது மணிக்கட்டில் கட்டிய ஒரு சிறிய கருவி. அதன் பெயர் 'டைவ் கம்ப்யூட்டர்'.

கர்நாடகக் கடற்கரை ஊரான முருடேஸ்வரத்தில் இருந்து சுமார் 10 கடல் மைல் தொலைவில் நேத்ராணித் தீவு இருக்கிறது. ஸ்கூபா பழகும் பெங்களூர் இளைஞர்கள் பலருக்கு அதுதான் பக்கத்துக் கடல். மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் அங்கே மூழ்க முடியாது. கருவி பைக்குள் கிடக்கும். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பேட்டரி தீர்ந்திருக்கும். வீட்டிலேயே மூடியைத் திறந்து புதிய பேட்டரி போடுவார்கள்.

ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

கருவியின் கணக்கு

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆழத்தில் அழுத்தம் கூடும்போது அது ரத்தத்திலும் தசையிலும் கரைந்துவிடும். அவசரமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் குமிழிகளாகக் கிளம்பும். மூட்டு வலி, கை கால் முடக்கம், சில சமயம் மரணமே நேரிடும். இதைத் தவிர்க்க விஞ்ஞானி ஹால்டேன் 1908-ல் அட்டவணை வகுத்தார். அந்த வகைக் கணக்கைத்தான் கம்ப்யூட்டர் இப்போது விடாமல் போட்டுக்கொண்டே இருக்கிறது.

இதற்குத் துணை, 'டிரான்ஸ்மிட்டர்' என்ற இன்னொரு கருவி. உருளையின் ரெகுலேட்டரில் இதைத் திருகி வைப்பார்கள். எவ்வளவு காற்று மிச்சம் இருக்கிறது என்பதை ரேடியோ அலை மூலம் மணிக்கட்டுக்குச் சொல்லும். இரண்டுக்கும் பேட்டரி உண்டு. இரண்டின் மூடிக்கும் காவல், 'ஓ-ரிங்' என்ற மெல்லிய வளையம்.

ஒரு முடி போதும்

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீட்டரில் கரையில் இருப்பதைப்போல் 4 மடங்கு. ஆனால் வளையத்துக்கு அது பயம் இல்லை. தண்ணீரின் அழுத்தமே அதைப் பள்ளத்தில் இறுக்கிப் பிடிக்கும். பல சமயம் கசிவது ஆழமில்லாத நீரில்தான். கரையில் கழுவும் வாளியில்கூட! வளையத்தின் மேல் ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள் கிடந்தால் போதும், உப்புநீர் உள்ளே புகுந்துவிடும்.

வளையம்தானே என்று இருக்க முடியாது. 1986 ஜனவரி 28-ல் அமெரிக்காவின் 'சேலஞ்சர்' விண்கலம் சிதறி 7 பேர் இறந்ததற்குக் காரணம், ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ஓ-ரிங் குளிரில் விறைத்துப்போனதுதான்.

மாற்றும் முறை

முதலில், கருவியுடன் வந்த புத்தகத்தைப் பார்க்கவேண்டும். சில கருவிகளை சர்வீஸ் நிலையத்தில்தான் திறக்கவேண்டும். அங்கே அழுத்தம் கொடுத்துச் சோதித்துத் தருவார்கள்.

நாமே திறக்கக்கூடியது என்றால், நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே மூடியைத் தொடவேண்டும். டிரான்ஸ்மிட்டர் என்றால், உருளையின் வால்வை மூடி, ரெகுலேட்டரில் உள்ள காற்று முழுவதையும் வெளியேற்றிவிடவேண்டும்.

பழைய வளையத்தை ஊசியாலோ கத்தி முனையாலோ நெம்பக்கூடாது. பள்ளத்தில் கீறல் விழுந்தால் புதிய வளையமும் பயன்படாது. விரலால் தள்ளி எடுக்கலாம். நூல் உதிராத துணியால் பள்ளத்தைத் துடைக்கவேண்டும். பேட்டரி மாற்றும்போதெல்லாம் வளையத்தையும் மாற்றிவிடுவது நல்லது. கருவியின் விலைக்கு முன்னால் வளையத்தின் விலை ஒரு பொருட்டே அல்ல.

சாதாரண ரப்பர் வளையத்துக்குச் சிலிகான் கிரீஸ் தடவலாம். பளபளப்புத் தெரிந்தால் போதும்; அப்பினால் மணல் ஒட்டும். வளையமே சிலிகானால் ஆனதாக இருந்தால் அந்தக் கிரீஸ் ஆகாது, ஊதிப்போகும். வாஸ்லைன் எதற்குமே வேண்டாம்.

பேட்டரியின் எண்ணும் முக்கியம். 'சி.ஆர். 2450' என்றால் சுமார் 24 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் கனம், 3 வோல்ட். அளவு மாறினால் மூடி சரியாக உட்காராது.

மறந்துபோகும் கணக்கு

இன்னொரு எச்சரிக்கை. பேட்டரியை எடுத்தால் சில கருவிகள் பழைய கணக்கை மறந்துவிடும். காலையில் மூழ்கியவரை, அன்று கடலையே பார்க்காதவராக நினைத்துக்கொண்டு தாராளமாக நேரம் கொடுக்கும். உடம்பிலோ நைட்ரஜன் இருக்கும்! ஆகையால் மூழ்கிய அன்றே பேட்டரியை மாற்றிக்கொண்டு மறுபடி இறங்கக்கூடாது. ஒரு நாளாவது போகட்டும்.

நீருக்குள் திரை அணைந்துவிட்டால் பதற்றம் வேண்டாம். துணைவருக்குச் சைகை காட்டி, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் மெதுவாக ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடமாவது நின்று மேலே வரவேண்டும். இதற்காகவே அனுபவசாலிகள் ஒரு கடிகாரத்தையும், குழாயில் தொங்கும் காற்றழுத்த மானியையும் கூடவே வைத்துக்கொள்கிறார்கள்.

கழற்றிய பேட்டரியை மேஜைமேல் விட்டுவிடக்கூடாது. குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

மச்சான் கண்ணயராமல் இருந்ததால்தான் முத்துக்குளித்தவன் கரை சேர்ந்தான். மணிக்கட்டில் இருக்கும் மச்சான் கண்ணயராமல் இருப்பது, மூடியை மூடுகிறவர் கையில் இருக்கிறது. அந்தக் கை அவசரப்படாமல் இருக்கவேண்டும்!