தோலும் எண்ணெயும்: தேரைத்தோல் கற்பித்த பாடம்

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் தோல் நோய்க்காக வருவோர் எங்களிடம் தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு: “எண்ணெயை அடியோடு நிறுத்திவிட்டால் இது குணமாகிவிடுமா?” சிலர் கேட்பதற்கு முன்பே நிறுத்திவிட்டு வருகின்றனர். வளரும் பிள்ளைகளுக்கும் சேர்த்து நிறுத்திவிடுகின்றனர். உணவிலுள்ள கொழுப்பு தோலுக்கு என்ன செய்கிறது என்பதை ஏறக்குறைய நூறு ஆண்டுகால ஆராய்ச்சி தெளிவாக்கியுள்ளது. அதில் நம் நாட்டு ஆய்வாளர்களின் பங்கு பெரிது. அதனை இங்கே சுருக்கமாக விளக்குகிறோம்.

முழங்கையில் முள் போன்ற பொரிகள்

பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகள் சிலருக்கு முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் மயிர்க்கால்தோறும் சிறு கூம்புகள் போன்ற பொரிகள் தோன்றும். தடவினால் சொரசொரப்பாக, முள் குத்துவதுபோல் இருக்கும். பெரும்பாலும் அரிப்போ வலியோ இராது. இதற்குப் பிரினோடெர்மா என்று பெயர். கொழும்பில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ் என்னும் மருத்துவர் 1933இல் இப்பெயரை இட்டார். கிரேக்க மொழியில் ‘தேரையின் தோல்’ என்பது இதன் பொருள்.

நம் ஊர்ப்புறங்களில் மெலிந்து வதங்கும் குழந்தையைத் ‘தேரை விழுந்த பிள்ளை’ என்று கூறும் வழக்கம் உண்டு. அந்த நம்பிக்கைக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. எனினும் இரண்டு இடத்திலும் முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் உணவுத் தட்டையே.

நிக்கல்ஸ் இதனை ஊட்டச்சத்துக் குறைவால் வருவதெனக் கண்டார். வைட்டமின் ஏ பற்றாக்குறையே காரணம் என்ற கருத்து அக்காலத்தில் பரவலாக நிலவியது. ஆனால் வைட்டமின் ஏ அளித்தும் பலருக்குத் தோல் சீராகவில்லை. வேறு ஏதோ குறைகிறது என்ற ஐயம் எழுந்தது.

எலியின் வாலில் கிடைத்த விடை

அதற்கான விடையின் ஒரு பகுதி அமெரிக்காவில் முன்பே கிடைத்திருந்தது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் கொழுப்பே இல்லாத உணவை எலிகளுக்கு அளித்தனர். வைட்டமின்கள் குறைவறத் தரப்பட்டும் எலிகளின் வால் செதிலுற்றது; வளர்ச்சி நின்றது; சிறுநீரகங்கள் கெட்டன. இதனை அவர்கள் 1929இல் வெளியிட்டனர். லினோலிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலத்தைச் சிறிதளவு சேர்த்ததும் எலிகள் தேறின. கொழுப்பு வெறும் எரிபொருள் என்ற எண்ணம் அன்றோடு மாறத் தொடங்கியது. நம் உடல் தானே உண்டாக்க இயலாத, உணவிலிருந்தே பெற்றாக வேண்டிய இன்றியமையாக் கொழுப்பு அமிலங்களும் உள்ளன என்பது தெளிவாயிற்று.

மனிதரிடத்தும் இது பொருந்தும் என்பதற்கு வலுவான சான்று கைக்குழந்தைகளிடம் கிடைத்தது. ஆரில்டு ஹான்சனும் அவருடைய குழுவினரும் 428 குழந்தைகளுக்குப் பல்வேறு கொழுப்பு அளவுகளுள்ள பால் கலவைகளைத் தந்து ஆராய்ந்து, முடிவை 1963இல் வெளியிட்டனர். லினோலிக் அமிலம் மிகக் குறைந்த கலவையைப் பெற்ற குழந்தைகளின் தோல் வறண்டு செதிலுற்றது. அவ்வமிலம் சேர்க்கப்பட்டதும் தேறியது. தாய்ப்பாலில் இச்சத்து இயல்பாகவே உள்ளது.

குன்னூர் ஆய்வுகள்

தேரைத்தோலைப் பற்றிய முதன்மையான ஆய்வுகள் நம் நீலகிரியில், குன்னூரிலிருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்தில் நிகழ்ந்தன. அக்கூடமே பின்னர் ஐதராபாத்துக்கு மாறித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன் இந்நோயின் காரணத்தை ஆராய்ந்து 1947இல் கட்டுரை எழுதினார். பிற்காலத்தில் அந்நிறுவனத்தின் இயக்குநராக விளங்கியவரும் அவரே. 1950இல் மேனன், துல்புலே, பட்வர்தன் ஆகியோர் வெவ்வேறு எண்ணெய்கள் இந்நோயில் எவ்வாறு பயன்படுகின்றன என்பதையும், நோயாளரின் இரத்தத்தில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களின் அளவையும் ஒருங்கே ஆராய்ந்தனர்.

அடுத்து வந்த ஆய்வுகள் பி தொகுதி வைட்டமின்களுக்கும் வைட்டமின் ஈ-க்கும் இதில் பங்குண்டு எனக் காட்டின. ஆகவே தேரைத்தோலை ஒரே சத்தின் குறைவாக இன்று யாரும் கருதுவதில்லை. நல்ல எண்ணெயும் பி தொகுதி வைட்டமின்களும் நிறைவான உணவும் சேரும்போது பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில், அல்லது சில மாதங்களில் தேறுகின்றனர்.

தோல் ஒரு சுவர்

தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவருக்கு ஒப்பிடலாம். இறுகிய உயிரணுக்கள் செங்கற்கள். அவற்றுக்கிடையே பூசப்பட்ட கொழுப்பு, சாந்து. அந்தச் சாந்தில் செரமைடு என்னும் பொருள் முக்கியமானது. அதன் ஒரு வகையை ஆக்குவதற்கு லினோலிக் அமிலம் தேவை. அது குறைந்தால் சாந்து உதிர்கிறது. உடலின் நீர் தோல்வழியே வெளியேறுகிறது. தோல் வறண்டு செதிலுறுகிறது. வெளியிலிருந்து கிருமிகளும் எரிச்சலூட்டும் பொருள்களும் எளிதில் உட்புகுகின்றன.

எவ்வளவு தேவை?

நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு 4 முதல் 6 கிராம் லினோலிக் அமிலம் போதுமானது. நல்லெண்ணெயில் இது ஏறக்குறைய 40 விழுக்காடு உள்ளது. மூன்று தேக்கரண்டி நல்லெண்ணெயே இத்தேவையை நிறைவு செய்துவிடும். கடலை எண்ணெயில் ஏறக்குறைய 30 விழுக்காடும், சூரியகாந்தி எண்ணெயில் 60 விழுக்காடும் உண்டு. நியாய விலைக் கடையில் பெறும் பாமாயிலில் 10 விழுக்காடே உள்ளது. தேங்காய் எண்ணெயிலும் நெய்யிலும் மிகக் குறைவு.

பாமாயில் மட்டுமே வாங்க இயலும் குடும்பங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. நம் பகுதி மானாவாரி நிலங்களில் விளையும் மல்லாட்டை இதற்கு நல்ல துணை. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் பயற்றில் 4 கிராமுக்கு மேல் லினோலிக் அமிலம் கிடைக்கும். அவித்தோ வறுத்தோ உண்ணலாம். மிகச் சிறு குழந்தைகளுக்கு முழுப் பயறு தொண்டையில் சிக்கக்கூடும். அரைத்தே கொடுக்க வேண்டும். மல்லாட்டை ஒவ்வாதவர்கள் தவிர்க்க வேண்டும்.

தேவைக்கு மேல் ஊற்றுவதால் தோல் மேலும் பொலிவு பெறாது, எடைதான் கூடும். சமையலில் நேரடியாகச் சேர்க்கும் எண்ணெய் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை இருப்பது போதும். பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சிப் பயன்படுத்தக் கூடாது.

எண்ணெய் தீர்க்காத நோய்கள்

கொழுப்பு எல்லாத் தோல் நோய்க்கும் மருந்தாகாது. கரப்பான் எனப்படும் எக்சிமாவுக்கு ஈவினிங் பிரிம்ரோஸ், போரேஜ் ஆகிய எண்ணெய் மாத்திரைகள் விலை கூடுதலாக விற்கப்படுகின்றன. 27 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, அவற்றால் குறிப்பிடத்தக்க பயன் இல்லையென்று முடிவு கூறியது. அப்பணத்தைச் சத்தான உணவுக்குச் செலவிடுவதே நன்று.

முகப்பரு உடையோர் எண்ணெய்ப் பண்டத்தை மட்டும் குறை கூறுகின்றனர். சர்க்கரை மிகுந்த பானங்கள், மைதாப் பண்டங்கள் போன்றவை பருவைத் தூண்டுவதற்கே ஆய்வுச் சான்று கூடுதலாக உள்ளது. சொரியாசிஸ் உள்ளவர்கள் உடற்பருமனும் உடையவர்களாயின், எடை குறைப்பது நோயின் கடுமையைத் தணிக்கும். கண்ணிமையில் மஞ்சள் நிறத் தடிப்பு தோன்றினால் இரத்தக் கொழுப்பைப் பரிசோதிக்க வேண்டும்.

எங்கள் வேண்டுகோள்

• தோல் சொரசொரப்பாக உள்ளதென்று மருந்துக் கடையில் ஸ்டீராய்டு களிம்பை வாங்கித் தடவாதீர்கள். அது தேரைத்தோலைக் குணப்படுத்தாது. படர்தாமரையாக இருப்பின் நோயை மறைத்துப் பரவச் செய்யும்.

• உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருந்தால் உடனே காட்டுங்கள். அது தொழுநோயாக இருக்கக்கூடும். முழுமையாகக் குணப்படுத்த வல்ல மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது.

• நீண்ட நாள் வயிற்றுப்போக்கு, குடல் அறுவைச் சிகிச்சை, கணைய நோய், மதுப்பழக்கம் ஆகியவை உள்ள பெரியவர்களுக்கும் தேரைத்தோல் வரலாம். உண்ட கொழுப்பு உடலில் சேராமையே காரணம். மருத்துவரிடம் இவற்றை மறைக்காமல் கூறுங்கள்.

• இதய நோய்க்காகவோ சர்க்கரை நோய்க்காகவோ எண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருந்தால், அந்த அளவு நோயாளிக்கு மட்டுமே உரியது. அதே பானையில் உண்ணும் பிள்ளையின் தட்டில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயைத் தனியே சேர்த்துக் கொடுங்கள்.

பிள்ளையின் முழங்கையை ஒருமுறை தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால், அடுத்த முறை வரும்போது அப்பிள்ளையையும் அழைத்து வாருங்கள். அன்றாடம் என்ன உண்கிறான் என்பதையும் குறித்து எடுத்து வாருங்கள். எங்கள் பரிசோதனை அந்தக் குறிப்பிலிருந்தே தொடங்கும்.