முந்தி அடித்தால் போதுமா?

கோடை விடுமுறை. சிவகிரியில் வெயில் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கிய நேரம். பக்கத்து வீட்டுத் திண்ணையில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த கையடக்க விளையாட்டுக் கருவிகள் இருவர் கையிலும் இருந்தன. திடீரென்று தம்பியின் முகம் வாடியது.

"மாமா, ஒரு மாசமா வளர்த்தேன். எல்லாத்தையும் விட இதுதான் வேகம். முதல்ல அடிச்சதும் நான்தான். ஆனா அவன் ஒரே அடியில சாய்ச்சுட்டான். இது ஒண்ணுக்கும் உதவாது. இனிமே இதை எடுக்கவே மாட்டேன்!"

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டான். குற்றம் அந்தப் பிராணியினுடையதா, அல்லது அதை இறக்கிய வேளையினுடையதா? மாணவ நண்பர்களே, வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பூச்சி பிடித்த சிறுவன்

அவர்கள் ஆடியது 'போக்கிமான்'. சிறுவயதில் பூச்சிகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதில் பேரார்வம் கொண்டிருந்த ஜப்பானியர் சதோஷி தாஜிரி உருவாக்கியது. 1996 பிப்ரவரி 27 அன்று 'கேம் பாய்' கருவிக்காக ஜப்பானில் வெளிவந்தது. கற்பனைப் பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, மோதவிடுவதுதான் ஆட்டம்.

ஒவ்வொரு பிராணிக்கும் உயிர், தாக்கு, தடுப்பு, வேகம் என எண்கள் உண்டு. 'ஸ்நார்லாக்ஸ்' என்ற தூங்குமூஞ்சிக்கு அடிப்படை உயிர் 160. வேகம் வெறும் 30. 'அலகஸாம்' இதற்கு நேர் எதிர். வேகம் 120, தனித்தாக்கு 135. உயிரோ 55, தடுப்பு 45 மட்டுமே. தம்பி வளர்த்தது இந்த இரண்டாம் இனத்தைச் சேர்ந்தது. மின்னல்போல் பாயும், தன்மேல் அடி விழுந்தால் மண்பானைபோல் உடையும்.

காகிதத்தில் ஒரு போர்

உண்மையான ஆட்டத்தில் விதிகள் பல. நாம் சுருக்கமாக இரண்டு பிராணிகளைக் கற்பனை செய்துகொள்வோம்.

மின்னல்: உயிர் 40, தாக்கு 50, வேகம் 90.
பாறை: உயிர் 100, தாக்கு 40, வேகம் 30.

ஒவ்வொரு சுற்றிலும் வேகம் மிகுந்தது முதலில் அடிக்கும். முதல் சுற்றில் மின்னல் அடிக்கிறது. பாறைக்கு 50 மிச்சம். பாறை திருப்பி அடிக்கிறது; மின்னலுக்கு 40 – 40 = 0. ஆட்டம் முடிந்தது.

சரி, மின்னலின் வேகத்தை 90-லிருந்து 200 ஆக்கினால்? மறுபடி போட்டுப் பாருங்கள். அதே தோல்விதான்! இப்போது வேகத்தைத் தொடாமல் உயிரை மட்டும் 41 ஆக்குங்கள். மின்னல் அடிக்க, பாறைக்கு 50. பாறை அடிக்க, மின்னலுக்கு 1. மின்னல் மீண்டும் அடிக்க, பாறைக்கு 0. மின்னலுக்கு வெற்றி! 110 புள்ளி வேகம் செய்யாததை ஒரே ஒரு புள்ளி உயிர் செய்துவிட்டது. வியப்பாக இல்லையா?

காரணம் எளியது. எதிரியை வீழ்த்த நமக்கு எத்தனை அடி தேவை? எதிரியின் உயிரை நம் தாக்கால் வகுத்து, மீதி வந்தால் ஒன்று கூட்டினால் கிடைக்கும். இதைத் 'தேவை எண்' என்போம். எதிரி நம்மை வீழ்த்த எத்தனை அடி தேவை? அது 'தாங்கும் எண்'. தேவை எண் சிறியதானால், வேகம் இல்லாவிட்டாலும் நாம் வெல்வோம். அது பெரியதானால், எவ்வளவு வேகம் இருந்தாலும் தோற்போம். இரண்டும் சமமாக இருக்கும்போது மட்டுமே முந்தி அடிப்பவர் வெல்கிறார். நேருக்கு நேர் மோதலில் வேகம் தருவது இந்த ஓர் அடி முந்துதலைத்தான்.

மின்னலின் தாங்கும் எண் 1. ஆகவே அதன் தேவை எண்ணும் 1 ஆக இருந்தால்தான் அது களத்தில் இறங்கலாம்.

எப்போது இறக்குவது?

வழி இதிலேயே தெரிகிறது. வலுவான தோழன் ஒருவன் முதலில் போய்ப் பாறையின் உயிரை 50 ஆகக் குறைத்துவிட்டு வீழ்கிறான் என்று கொள்வோம். இப்போது மின்னல் வந்தால் ஒரே அடி. அதன்மேல் ஒரு கீறலும் இல்லை. பாறைக்கு 51 மிச்சமிருந்தாலோ, மின்னல் வீண். போக்கிமானில் நடுச்சுற்றில் பிராணியை மாற்றினால், உள்ளே வருவது எதிரியின் அடியை வாங்க நேரும். தோழன் வீழ்ந்தபின் வந்தால் அந்த அபாயம் இல்லை. தம்பி தன் பிராணியை முதல் ஆளாக அனுப்பியதுதான் தவறு. அது கடைசியில் வந்து களத்தைத் துடைக்க வேண்டிய பிராணி.

இன்னும் சில நுட்பங்கள் உண்டு. 'ஃபோகஸ் சாஷ்' என்ற கச்சையை அணிந்த பிராணி, முழு உயிரோடு இருந்தால், ஒரே அடியில் சாகாமல் 1 புள்ளியோடு நிற்கும். அதாவது தாங்கும் எண் 2 ஆகிறது. எதிரியிடமும் தந்திரம் உண்டு. 'ட்ரிக் ரூம்' போட்டால் ஐந்து சுற்றுக்கு மந்தமானதே முந்தும். வேகத்தை மட்டும் நம்பியவர் கதி என்ன ஆகும்?

கடலில் ஒரு மின்னல்

இந்தக் கணக்கு ஒருகாலத்தில் நம் கடலிலும் நடந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மனியின் 'எம்டன்' இலகுவகைப் போர்க்கப்பல். மெல்லிய கவசம், 105 மில்லிமீட்டர் பீரங்கிகள், நல்ல வேகம். தலைவர் கார்ல் ஃபான் முல்லர் போலிப் புகைபோக்கி ஒன்றை வைத்து அதை ஆங்கிலேயக் கப்பல்போல் காட்டினார். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைக் குண்டு வீசித் தாக்கி, எண்ணெய்த் தொட்டிகளை எரியவிட்டு, தன்மேல் ஒரு குண்டும் படாமல் இருளில் மறைந்தது. அக்டோபர் 28 அதிகாலை பினாங்குத் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த ரஷ்யக் கப்பல் 'ஷெம்சுக்'கை மூழ்கடித்தது. இரண்டு இடத்திலும் எதிரியின் குண்டு தன்மேல் படுமுன் வேலை முடிந்தது.

நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' எதிர்ப்பட்டது. அன்றும் முதலில் சுட்டது எம்டன்தான், குறியும் தவறவில்லை. ஆனால் அந்தக் குண்டுகள் சிட்னியை வீழ்த்தப் போதவில்லை. சிட்னியோ இன்னும் வேகமானது. அதன் பீரங்கிகள் 152 மில்லிமீட்டர். தூரத்தில் நின்றே எம்டனைச் சிதைத்தது. முல்லர் கப்பலைக் கரைதட்ட விட்டார். 130-க்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். எமகாதகனை 'எம்டன்' என்று நம் பெரியவர்கள் சொல்வது இந்தக் கப்பலால்தான்.

சிறுத்தையினும் மெலிந்த சீட்டாவும் இப்படியே. தரைவிலங்குகளில் வேகத்தில் முதலிடம். ஆயினும் சிங்கமோ கழுதைப்புலியோ வந்தால் பிடித்த இரையையும் விட்டு விலகிவிடும். காலில் ஒரு காயம் பட்டால் அடுத்த வேட்டை இல்லை, பட்டினிதான். ஓடுவது கோழைத்தனமல்ல, அதன் கணக்கு.

இதையெல்லாம் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். தம்பி மறுபடி ஆடினான். இந்த முறை தன் மின்னலைக் கடைசிவரை வெளியே விடவில்லை. அண்ணனின் பெரிய பிராணி அரை உயிரோடு நின்றபோது இறக்கினான். ஒரே அடி!

விளையாட்டில் வீழ்ந்த பிராணி மருத்துவ நிலையத்தில் மீண்டும் எழுந்துவிடும். எம்டனின் மாலுமிகள் எழவில்லை. ஆகவே முந்துவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த ஓர் அடியில் காரியம் முடியுமா?

நீங்களே செய்து பாருங்கள்: உயிர் 90, தாக்கு 30, வேகம் 50 உள்ள பிராணியை நம் பாறையுடன் மோதவிடுங்கள். தேவை எண், தாங்கும் எண் எவ்வளவு? வெல்வது யார்? அது தோற்றால், எந்த ஓர் எண்ணைக் குறைந்த அளவு கூட்டினால் வெல்லும்?