மின்சாரம் திரும்பி வரும் கணம்

நின்றுபோன மின்சாரம் திரும்பி வந்ததும் விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது. நமக்கு அது ஒரு நொடி. ஆனால் மின்னளவி, எடைத் தராசு, சலவை இயந்திரம் ஆகியவற்றினுள் அமர்ந்து கணக்கிடும் நுண்செயலிக்கு அந்த ஒரு நொடி மிக நெடியது. மின்னழுத்தம் ஒரே தாவலில் 5 வோல்ட்டை எட்டிவிடுவதில்லை, படிப்படியாகவே ஏறுகிறது. செயலிக்குக் கடிகாரத் துடிப்பை அளிக்கும் படிகம் சீராக அதிர்வதற்கும் சில மில்லி நொடிகள் ஆகின்றன. இவை நிலைபெறுமுன் செயலி ஓடத் தொடங்குமாயின், கட்டளைகளைத் தாறுமாறாகப் படிக்கும். எனவே, எல்லாம் அமைதியுறும்வரை அதனைத் தொடக்க நிலையிலேயே பிடித்து வைத்துப் பின்னர் விடுவிக்க ஒரு காவல் வேண்டும். இதனை ரீசெட் என்பர் பொறியாளர்.

இக்காவலுக்கு எளிய வழி, ஒரு தடையமும் ஒரு மின்தேக்கியும். (தமிழில் ‘மின்தடை’ என்ற சொல் மின்சாரம் நின்றுபோவதையும் குறிக்கும், இவ்வுறுப்பின் குணத்தையும் குறிக்கும், மொழிபெயர்ப்பவனுக்கு இது ஓயாத சங்கடம். ஆதலின் உறுப்பைத் தடையம் என்றே சொல்லுகிறேன்.) இன்டெல் நிறுவனம் 1980-ஆம் ஆண்டில் வெளியிட்ட 8051 என்னும் சில்லை எடுத்துக்கொள்வோம். அதன் ரீசெட் காலுக்கும் மின்வழங்கலுக்கும் இடையே 10 மைக்ரோபாரட் தேக்கி. அக்காலுக்கும் தரைக்கும் இடையே 8.2 கிலோ ஓம் தடையம். மின்சாரம் வந்ததும், காலியாயிருக்கும் தேக்கி அக்காலின் அழுத்தத்தை மேலே இழுக்கிறது. செயலி பிடிபட்டு நிற்கிறது. தேக்கி நிரம்ப நிரம்ப அழுத்தம் இறங்கி, செயலி விடுதலை பெறுகிறது. இரு மதிப்புகளையும் பெருக்கினால் 82 மில்லி நொடி. 12 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் செயலி கேட்பதோ 2 மைக்ரோ நொடிதான். செலவும் மிகச் சொற்பம். வேறென்ன வேண்டும் என்று தோன்றும்.

ஆனால் இச்சுற்றைக் கூறும் நிறுவனக் குறிப்பு ஒரு நிபந்தனையையும் உடன் வைத்திருக்கிறது. மின்னழுத்தம் 1 மில்லி நொடிக்குள் ஏறிவிட வேண்டும். படிகம் 10 மில்லி நொடிக்குள் துடிக்கத் தொடங்கவேண்டும். சுற்றை வரைந்துகொள்பவர் பலர். நிபந்தனையைப் படிப்பவர் சிலர். சோம்பலாக ஏறும் மின்வழங்கலில், அழுத்தம் நிறையுமுன்னரே காவல் கலைந்துவிடும். போதாக்குறைக்கு, இவ்வகைத் தேக்கிகள் குறித்த அளவினின்று 20 சதவீதம் கூடவோ குறையவோ இருப்பது வழக்கம். ஆண்டுக்கணக்கில் வெப்பத்தில் கிடந்தால் உலர்ந்தும் போகும்.

இதனினும் பெரிய இடர் வேறு. மின்சாரம் முற்றும் நிற்காமல், 5 வோல்ட் ஒரு கணம் 3 வோல்ட்டாகத் தாழ்ந்து மீளுவதாகக் கொள்வோம். அதற்குள் தேக்கி காலியாவதில்லை. ஆகவே காவலும் எழுவதில்லை. இச்சுற்று காலத்தை அறியும், அழுத்தத்தை அறியாது. செயலியோ அரைகுறை அழுத்தத்தில் தடுமாறி, நிலைநினைவில் தவறான எண்ணை எழுதிவிடக்கூடும். பிறகு மின்னளவி ஒழுங்காக ஓடுவது போலவே காட்சியளிக்கும். அது காட்டும் கணக்கு மட்டும் பொய்யாயிருக்கும். தடையத்தின் குறுக்கே ஒரு டையோடு சேர்த்தால் தேக்கி விரைவில் வடியும் என்பது உண்மையே. அது மின்சாரம் அடியோடு நிற்கும்போது உதவும். பாதி தாழ்வுக்கு உதவாது.

இதற்கென்றே அமைந்த சில்லுகள் அழுத்தத்தை அளக்கின்றன. மாக்ஸ் 809 என்னும் மூன்று கால் சில்லின் ஒரு வகை, மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டைக் கடக்கும்வரை செயலியை விடுவதில்லை. கடந்த பின்னரும் குறைந்தது 140 மில்லி நொடி காத்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கையில் அழுத்தம் அவ்வெல்லைக்குக் கீழே விழுந்தால் உடனே மீண்டும் பிடித்துக்கொள்கிறது. 1 வோல்ட் வரை இறங்கினாலும் பிடியை விடுவதில்லை. அதன் ரீசெட் குறி தாழ்நிலையில் பிடிப்பது. உயர்நிலை கேட்கும் 8051 போன்றவற்றுக்கு அதன் இணையான மாக்ஸ் 810 பொருந்தும்.

வெளி மாநிலத் தொழிற்கூடங்களில் மின்னணுக் கருவிகள் அமைக்கும் நேயர்கள், எதைத் தேர்வது என்று கேட்கலாம். விளையாட்டுப் பொம்மைக்கும் அலங்கார விளக்குக்கும் தேக்கியும் தடையமுமே போதும். அங்குச் சில்லு வீண் செலவு. கணக்கை நினைவில் வைக்கும் கருவிக்கும், அணைத்துப் போட ஆள் அருகில் இல்லாத நீரேற்றிக் கட்டுப்பாட்டுக்கும் சில்லையே வைக்கவேண்டும் என்பது என் கருத்து. இக்காலச் செயலிகள் பலவற்றில் தாழ் அழுத்தக் காவல் உள்ளேயே அமைந்திருக்கிறது. ஆயினும் சிலவற்றில் அதை அமைப்பாளரே இயக்கிவைக்க வேண்டும். அதனை முதலில் பார்த்துக்கொள்வது நலம்.

வீட்டில் ஒரு கருவி மயங்கி நின்றால், செருகியைப் பிடுங்கி அரை நிமிடம் கழித்துச் செருகுமாறு பழுது பார்ப்பவர் சொல்வதும் இதனால்தான். உள்ளே உள்ள தேக்கிகள் வடிவதற்கு அவ்வளவு நேரம் தருகிறோம்.