நல்லவேளை என்று சொன்ன பிறகு

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிமுனையை ஒட்டிய கடலில் சுழன்றடித்தபோது, கேரளத்தின் பூந்துறை, விழிஞ்ஞம் முதல் தமிழகத்தின் சின்னத்துறை, தூத்தூர் வரை உள்ள மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை எட்டும் முன்பே புறப்பட்டுப் போனவர்கள் அவர்கள். பலர் திரும்பவில்லை. பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

விழிஞ்ஞம் இருக்கும் அதே நெய்யாற்றின்கரை தாலுக்காவில்தான் குன்னத்துகாலும் இருக்கிறது. ஆனால் கடலோரத்தில் இல்லை. ரப்பரும் மரச்சீனியும் வாழையுமாக உள்நாட்டில் தமிழக எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஊராட்சி. இப்படிப்பட்ட ஊர்களில் புயல் செய்தி பார்ப்பவர் வாயில் முதலில் வருவது, "நல்லவேளை, நமக்கு ஒண்ணும் ஆகல்ல" என்ற சொல்தான். அடுத்த நொடியே ஒரு கூச்சமும் வரும். இன்னொருவர் வீட்டில் ஒப்பாரி கேட்கும்போது நம் வீட்டுக் கூரை பத்திரமாக இருப்பதை எண்ணி மகிழலாமா?

மகிழ்வது மனித இயல்பு. துன்பத்தில் இருப்பவர்களோடு தன்னை ஒப்பிட்டு மனம் ஆறுதல் தேடுவதை உளவியலாளர் தாமஸ் வில்ஸ் 1981-இல் விரிவாக விளக்கினார். ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக்குரியவற்றை வாராவாரம் எழுதிவந்தவர்கள், தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிட மன நிறைவோடு இருந்தார்கள். ஆகவே அந்த உணர்வுக்காக யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. அது எங்கே போய் முடிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். குன்னத்துகால் ஊராட்சியின் காரக்கோணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் பெயரில் இருக்கும் சோமர்வெல் யார்?

தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் 1890-இல் இங்கிலாந்தின் கெண்டல் நகரில், காலணித் தொழில் நடத்திய வசதியான குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தார், லண்டனில் மருத்துவம் பயின்றார். முதல் உலகப்போரில், 1916 சோம் சண்டையின்போது, நான்கே அறுவை மருத்துவர்கள் வேலை செய்த கூடாரம் ஒன்றில் அவரும் ஒருவர். வெளியே நூற்றுக்கணக்கானோர் காயத்தோடு தரையில் கிடந்தார்கள். வேலைக்கு நடுவே கிடைத்த சில நிமிடங்களில் அவர்களிடம் போய்ப் பேசினார். என்னை முதலில் கவனியுங்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பது அவர் மனதில் ஆழப் பதிந்தது.

1922-இல் எவரெஸ்ட் ஏறப் போனார். ஜூன் 7 அன்று சக மலையேறி மலோரியின் குழு மூன்றாம் முறையாக மேலேறியபோது பனிச்சரிவு. சோமர்வெல் பிழைத்தார். ஆங்கிலேயர் எவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அவர்களுக்காகச் சுமை தூக்கிவந்த ஏழு பேர் செத்துப்போனார்கள். 'நல்லவேளை' என்று அவரால் சொல்ல முடியவில்லை. அந்தச் சாவில் எங்களில் ஒருவருக்கும் பங்கில்லாமல் போனதே என்ற வேதனையை, பின்னாளில் எழுதிய நூலில் பதிவு செய்தார்.

ஊர் திரும்பும் முன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், தென் திருவிதாங்கூரின் நெய்யூருக்கு வந்தார். இன்று அது குமரி மாவட்டம்; அன்று குன்னத்துகாலும் நெய்யூரும் ஒரே சமஸ்தானம். லண்டன் மிஷன் மருத்துவமனையில் நோயாளிகள் நீண்ட வரிசையில் காத்திருக்க, ஒரே ஒரு அறுவை மருத்துவர் திணறிக்கொண்டிருந்தார். சோமர்வெல் உடனே கைகொடுத்தார். லண்டனில் காத்திருந்த நல்ல எதிர்காலத்தை விட்டுவிட்டு நெய்யூரையே பணியிடமாக்கிக்கொண்டார். 1924-இல் மீண்டும் எவரெஸ்டில் ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறிவிட்டு, திரும்பவும் நெய்யூர். 1949 முதல் 1961 வரை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) கற்பித்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இந்தியாவில் கழிந்தன.

எல்லோராலும் சோமர்வெல் ஆக முடியாது, ஆக வேண்டியதுமில்லை. ஒக்கி முடிந்து ஒன்பதே மாதத்தில், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், பூந்துறை, விழிஞ்ஞம் கடலோரத்து மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு பத்தனம்திட்டைக்கும் செங்கன்னூருக்கும் போனார்கள். மாநிலம் முழுவதும் மீனவர்கள் காப்பாற்றியது குறைந்தது 65,000 பேர் என்பது கணக்கு. புயலில் கூட்டாளிகளைப் பறிகொடுத்த ஊர்க்காரர்கள் அவர்கள். கையில் இருந்தது ஒரு படகும், நீரோட்டத்தைப் படிக்கும் பழக்கமும். அதைத்தான் கொண்டுபோனார்கள்.

புயலும் வெள்ளமும் வந்தால் தொலைக்காட்சி வரும், உதவியும் வரும். மெல்ல நடக்கும் பேரிடருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. குன்னத்துகாலிலிருந்து கொஞ்ச தூரத்தில், பொழியூரில், சில ஆண்டுகளாகக் கடல் கரையை அரித்து வீடுகளையும் சாலையையும் கொண்டுபோகிறது. வீடிழந்தவர்கள் முகாம்களில் தங்க நேர்ந்தது. இந்த மழைக்காலத்தில் வீடு நனையாமல் தூங்கி எழுபவர்கள், எல்லைக்கு இப்புறமோ அப்புறமோ, ஒருமுறை பொழியூருக்குப் போய்வர வேண்டும். அங்குள்ளவர்களிடமே என்ன தேவை என்று கேட்க வேண்டும். தடுப்புச்சுவரும் நிரந்தர வீடும் கேட்டு அவர்கள் நிற்கும் இடத்தில் உள்நாட்டுக்காரர்களும் கூட நிற்க வேண்டும்.