கிளட்ச் இல்லாத கார் மக்கர் செய்தால்...

உங்கள் வீட்டில் பழைய அமெரிக்கக் கார் ஒன்று போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறதா? இல்லாவிட்டால் பாதகமில்லை. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் அப்படிப்பட்ட வீடுகள் இன்னும் சில உண்டு. அந்த வீட்டு அம்மாள் உங்கள் சிநேகிதியாக இருக்கலாம் அல்லவா?

அடையாறு காந்தி நகரில் இருக்கும் என் நாத்தனார் அப்படி ஒருத்தி. மாமனார் விட்டுப்போன 1965 இம்பாலா. வருஷத்தில் பத்து நாள் வெளியே வந்தால் அதிகம். ஒரு நவராத்திரியன்று கபாலி கோயிலுக்குக் கிளம்பிய அந்த வண்டி, லஸ் முனையில் வெள்ளைப் புகையைக் கக்கியது. கியர் மாறும்போதெல்லாம் முதுகில் அறைந்தாற்போல் ஒரு குலுக்கல்! பார்த்த மெக்கானிக், "கியர்பாக்ஸ் போச்சும்மா. கழற்றி எறிந்துவிட்டு சாதா கியர்பாக்ஸ் மாட்டிடலாம்" என்றார். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும், வண்டியை விற்றுவிடுவதென்றே நாத்தனார் தீர்மானித்துவிட்டாள்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் ஊர்க் கைகள் பழகியது அம்பாஸடரிலும் பியட்டிலும், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டிலும். எல்லாம் இடது காலால் கிளட்சை மிதித்து ஓட்டுகிறவை. ஆட்டோமாட்டிக் கியரோ அமெரிக்கச் சரக்கு. 1940-ம் வருஷ மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஜெனரல் மோட்டார்ஸ் அதை 'ஹைட்ராமாடிக்' என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. 1950-ல் செவர்லேக்கு 'பவர்கிளைடு' வந்தது. நாத்தனார் வண்டியில் இருப்பது இதுதான்.

சூட்சுமம் பிரமாதமில்லை. இரண்டு மேஜை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போடுங்கள். அந்தக் காற்றில் மற்றதும் சுழலும். இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். அதே எண்ணெயின் அழுத்தம்தான் உள்ளே கியர் மாற்றும் தட்டுகளையும் இறுக்கிப் பிடிக்கிறது. எண்ணெய் குறைந்தால் பிடி தளரும். இன்ஜின் இரையும், வண்டி நகராது.

ஆகவே வைத்தியர் நாடி பார்ப்பதுபோல முதலில் எண்ணெயைப் பார்க்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓடிச் சூடான வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹாண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் இன்ஜின் ஓடும்போதே அளவுகோல் கம்பியை உருவுங்கள். துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். நல்ல சிவப்பு என்றால் க்ஷேமம். பழுப்பாகி, கருகின தாளிப்புபோல் நாறினால் தட்டுகள் தேய்ந்து எரிந்திருக்கின்றன, பிரித்தே ஆகவேண்டும். காளத்தி கடை ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பல வண்டிகளில் இந்த எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள் இருக்கிறது; அது ஓட்டையானால் இந்தக் கதி. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது நீரில் நின்ற வண்டிகளுக்கும் இதே ஆபத்துத்தான். அப்படி முழுகின வண்டியை 'ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்' என்று சாவி போடவே கூடாது. தட்டுகளில் ஒட்டியிருக்கும் பூச்சைத் தண்ணீர் கிளப்பிவிடும்.

(இந்த எண்ணெயில் ஒரு காலத்தில் திமிங்கில எண்ணெயும் கலந்தார்கள்! 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்தபின்தான் மாற்றுச் சரக்கு தேடினார்கள்.)

நம் இம்பாலாவுக்கு வருவோம். புதுப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெரியவர் கம்பியை உருவினார். சிவப்புதான், நாற்றமில்லை; ஆனால் அளவு வெகுவாகக் குறைந்திருந்தது. தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. அப்படியானால் எண்ணெய் எங்கே போயிற்று?

"இன்ஜின் குடிச்சிருக்கும்மா" என்றார் அவர்.

கியர்பாக்ஸின் பக்கவாட்டில் டவராவைவிடச் சிறிய தகரப் பெட்டி ஒன்று உண்டு, பெயர் மாடுலேட்டர். உள்ளே ஒரு ரப்பர்ச் சவ்வு. இன்ஜினின் உறிஞ்சும் சக்தி ஒரு குழாய் வழியே அதை இழுக்கும். இன்ஜின் எவ்வளவு சிரமப்படுகிறது என்று கியர்பாக்ஸுக்குச் சொல்வது அதுதான். சவ்வு கிழிந்தால் இன்ஜின் எண்ணெயை உறிஞ்சி எரிக்கும். அதுதான் வெள்ளைப் புகை. பாரம் அதிகம் என்று ஏமாந்த கியர்பாக்ஸ் அழுத்தத்தைக் கூட்டும்; அதுதான் குலுக்கல். பெரியவர் ரப்பர்க் குழாயை உருவினார். உள்ளே சிவப்பு எண்ணெய்!

கியர்பாக்ஸை இறக்கவே இல்லை. ஜி.பி. ரோடில் கிடைக்காத அந்தச் சாமான் அமெரிக்காவிலிருந்து தபாலில் வந்தது. பழையதைத் திருகிக் கழற்றி, புதியதை மாட்டி, எண்ணெய் நிரப்பினார். மொத்தச் செலவும் சுமாரான ஒரு பட்டுப்புடவை விலைக்குள் அடங்கிவிட்டது.

இப்போதெல்லாம் கொலுவுக்கு அழைக்கக் கிளம்பும்போது, குங்குமச் சிமிழோடு ஒரு பழைய துணியையும் எடுத்துக்கொள்கிறாள் நாத்தனார், கம்பியைத் துடைக்க!